பாங்கொலிக்கு அளவு வைத்தோம், சைலன்சருக்கு?

பெருநாள் முடிந்த மறுநாள் வத்தலக்குண்டிலிருந்தும் பழநியிலிருந்தும் கொடைக்கானலுக்கு மலையேறும் இரு சக்கர வாகனங்களின் வரிசையில் நம் ஜமாஅத்துப் பிள்ளைகளும் இருக்கின்றனர். ஒரு மாதம் நோன்பு நோற்ற வாலிபர்கள் நண்பர்களுடன் குளிர்ந்த காற்றை நாடிச் செல்வது ஆகுமான மகிழ்ச்சியே; அதில் குறை காண ஏதுமில்லை. நம் கவலை அவர்கள் எழுப்பும் ஓசையைப் பற்றியது. நிறுவனம் பொருத்தித் தந்த சைலன்சரைக் கழற்றிவிட்டு, வேட்டுப் போட்டாற்போல் வெடிக்கும் ஒன்றைக் கடையில் வாங்கி மாட்டிக்கொண்டு, பெருமாள்மலை தொடங்கி ஏரிக்கரை வரை மலையே அதிர ஓட்டிச் செல்கின்றனர். ரமளான் இரவுகளில் தராவீஹ் முடிந்தபின் ஊர்த் தெருக்களிலும் இதே ஓசைதான்.

இது குறித்துப் பேசினால் பெற்றோர் நம்மிடம் கேட்கும் முதற்கேள்வி, “கடையில் வெளிப்படையாக வைத்து, பில் போட்டு விற்கிறார்களே, அது எப்படிச் சட்டத்திற்கு மாறானதாகும்?” என்பதுதான். நியாயமான கேள்வி. ஒரு பொருள் கடையில் கிடைக்கிறது என்பதும், அதைப் பொருத்திய வண்டியைப் பொதுச்சாலையில் ஓட்டலாம் என்பதும் வேறு வேறு செய்திகள். இத்தகைய சைலன்சர்களில் பலவற்றின் மீது, பந்தயத் திடலுக்கு மட்டுமே உரியது என்று தயாரித்தவரே அச்சிட்டிருப்பார். வாங்குகிறவர் அதைப் படிப்பதில்லை; விற்கிறவர் படித்துக் காட்டுவதுமில்லை.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120ஆம் விதி, ஒவ்வொரு வண்டியிலும் ஓசையை இயன்ற அளவு குறைக்கும் சைலன்சர் இருக்க வேண்டும் என்கிறது. ஒலிக்கென வகுக்கப்பட்ட அளவுக்குள் வண்டி தயாரிக்கப்படுவதோடு, அவ்வாறே பராமரிக்கப்படவும் வேண்டும் என்கிறது. அந்த அளவு, 80 சிசிக்கு மேல் 175 சிசி வரையுள்ள வண்டிக்கு 77 டெசிபல். அதற்கு மேற்பட்டதற்கு 80 டெசிபல். பத்து டெசிபல் கூடினால் நம் காதுக்கு ஏறத்தாழ இரு மடங்கு உரத்துக் கேட்கும் என்பதை நினைவிற்கொண்டால், இந்த எண்களின் பொருள் விளங்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவோ, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றியமைக்கக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் வகுத்த மூல அமைப்பிற்கு மாறாக வண்டியைத் திருத்த இயலாது என்று தீர்ப்பளித்தது. துருப்பிடித்த சைலன்சரை எடுத்துவிட்டு அதே நிறுவனத்தின் அதே வகையைப் பொருத்துவது மாற்றமாகாது. அதற்கு எவரும் அஞ்ச வேண்டியதில்லை.

“புகைச் சான்றிதழ் எடுத்திருக்கிறோமே” என்பார் சிலர். அந்தச் சோதனை புகையை மட்டுமே அளக்கிறது, ஓசையை அளப்பதில்லை. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.6 வண்டிகளில் நச்சுப் புகையை மாற்றும் வினையூக்கிக் கருவி புகைக்குழாயினுள்ளேயே இருப்பதால், முழுக் குழாயையும் கழற்றுகிறவர் அந்தக் கருவியையும் சேர்த்தே கழற்றிவிடுகிறார்.

இனி, நம் சமுதாயத்தோடு நேரடியாகத் தொடர்புடைய செய்திக்கு வருவோம். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வந்தபின், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை ஏற்பட்டது. பகலிலும் எல்லைச் சுவரருகே 75 டெசிபலைத் தாண்டக் கூடாது என்றாயிற்று. 2005 ஜூலையில் உச்ச நீதிமன்றம், பிறர் காதில் வலிந்து ஓசையைத் திணிக்க எவருக்கும் அடிப்படை உரிமை இல்லை என்னும் கருத்தை உறுதிப்படுத்தியது. அதையொட்டி எத்தனை பள்ளிவாசல்களில் நிர்வாகத்தினர் கூடிப் பேசிக் குழாய் ஒலிபெருக்கிகளை இறக்கிவைத்தனர், ஒலியைக் குறைத்தனர் என்பதை நாம் அறிவோம். மன வருத்தத்துடனேனும் அதைச் செய்தோம். தொழுகைக்கு அழைக்கும் பாங்கொலிக்கே ஓர் அளவை ஏற்றுக்கொண்ட ஜமாஅத், அதே பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வெளியே வரும் வாலிபர் நள்ளிரவில் தெருவையே எழுப்பிச் செல்லும்போது மட்டும் வாய் திறவாதிருப்பது எவ்வகையில் பொருந்தும்? காவலர் வண்டியைப் பிடித்தால் “நம் பிள்ளைகளை மட்டும் குறிவைக்கிறார்கள்” என்ற பேச்சு உடனே எழுகிறது. அப்படி நடக்கும் இடங்கள் இருக்கலாம். அதைத் தட்டிக் கேட்க வேண்டியதும் கடமைதான். ஆனால் 90 டெசிபலில் அலறும் வண்டியின் மீது அமர்ந்துகொண்டு அந்தக் கேள்வியைக் கேட்க முடியாது.

2021 ஜூலையில் அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் லக்னோ அமர்வில், மாற்றியமைக்கப்பட்ட சைலன்சர்களைப் பற்றிய வழக்கைத் தாமாகவே முன்வந்து எடுத்துக்கொண்டவர் நீதியரசர் அப்துல் மொயின். முதியோரும் நோயுற்றோரும் குழந்தைகளும் படும் துன்பமே அவர் சுட்டிக்காட்டிய காரணம். அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றி நாம் மத்ரஸாவில் கற்பிப்பதும், பாதையில் அமர்வோர் பாதைக்குரிய உரிமையைக் கொடுத்து, பிறருக்குத் தொல்லை தராதிருக்க வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் வலியுறுத்தியதும் இதே துன்பத்தைப் பற்றித்தான். லுக்மான் (அலை) தம் மகனுக்குக் கூறிய அறிவுரையில் நடையில் நிதானமும் குரலில் தாழ்வும் ஒரே வசனத்தில் சேர்ந்து வருவதை மாணவர்களுக்குப் பாடம் நடத்தும்போதெல்லாம், இக்காலத்து நடை இரு சக்கரத்தில் அல்லவா என்று நமக்குத் தோன்றுவதுண்டு.

“மலைச்சாலையின் வளைவுகளில் சத்தம் கேட்டால்தான் எதிரே வருபவர் விலகுவார்” என்று வாதிடும் பிள்ளைகளும் உண்டு. சைலன்சரின் வாய் பின்புறம் பார்த்து இருக்கிறது. ஓசையின் பெரும்பகுதி பின்னால் வருபவருக்கே போய்ச் சேரும். வளைவுக்கென்று ஹாரன் இருக்கிறது. இழுவை கூடுகிறது என்பதும் பெரும்பாலும் காது தரும் மயக்கமே. எரிபொருள் அளவைத் திருத்தாமல் குழாயை மட்டும் மாற்றினால், மலையேற்றத்திற்கு வேண்டிய கீழ்வேக இழுவை பல வண்டிகளில் குறையவே செய்கிறது.

கொடைக்கானலில் இந்தத் தொல்லை சமவெளியைவிடக் கடுமையானது. ஏரியைச் சுற்றிக் கிண்ணம் போல் மேடுகள் சூழ்ந்த ஊர் அது; கீழே எழும் ஓசை மேலே உள்ள எல்லா வீடுகளையும் எட்டும். 2013இல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடு ஊரை ஒட்டியே தொடங்குகிறது. காட்டெருமைகள் குடியிருப்புப் பகுதிக்குள்ளேயே வந்து மேய்கின்றன. வெடியோசை கேட்டு மிரண்ட காட்டெருமை எந்தப் பக்கம் பாயும் என்று எவராலும் சொல்ல இயலாது. ஓசை எழுப்பியவர் கடந்து போய்விடுவார், பின்னால் குழந்தையை முன்னிருத்தி வருபவர்தான் அதன் எதிரே நிற்பார். வண்டிகளின் பெருக்கம் தாங்காமல் சென்னை உயர் நீதிமன்றம் 2024 மே 7 முதல் இ-பாஸ் முறையைக் கொண்டுவரச் செய்தது. 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று வரம்பும் வகுத்தது. எண்ணிக்கையைக் குறைத்தாலும், இத்தகைய பத்து வண்டிகள் போதும், அந்த ஊரின் ஒரு நாள் அமைதியைக் கெடுக்க.

பெற்றோர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். பெரும்பாலான வீடுகளில் வண்டியின் ஆர்.சி. அத்தாவின் பெயரில் இருக்கிறது. 2019 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, அனுமதியின்றி வண்டியை மாற்றியமைக்கும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்திற்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். ஒலி, புகை அளவை மீறிய வண்டியை ஓட்டுபவருக்கும், அறிந்தே ஓட்ட விடுபவருக்கும் 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ உண்டு; ஓட்டுநர் உரிமமும் மூன்று மாதம் பறிபோகும். பதினெட்டு நிறையாத பிள்ளை ஓட்டிப் பிடிபட்டால், தமக்குத் தெரியாமல் நடந்தது என்று நிரூபிக்க இயலாத பெற்றோருக்கு 25,000 ரூபாயும் மூன்றாண்டு வரை சிறையும் காத்திருக்கின்றன. பிள்ளைக்கோ 25 வயது வரை உரிமம் கிடையாது. ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து அந்தச் சைலன்சரை வாங்கித் தந்தவரும் பல வீடுகளில் அத்தாவே. வளைகுடாவிலிருந்து அனுப்பிய பணமாகவும் அது இருக்கக்கூடும்.

பெருநாளுக்கு முந்தைய ஜும்ஆவில் நிர்வாகத்தினர் இரண்டு நிமிடம் இதற்கென ஒதுக்கலாம். கழற்றிய பழைய சைலன்சரை எவரும் வீசி எறிவதில்லை. வீட்டுப் பரணில்தான் கிடக்கும். அதை இறக்கித் துடைத்துப் பட்டறைக்கு எடுத்துச் சென்றால் அரை மணி நேர வேலை.