ஆஸ்பத்திரிக்கு ஒரு விதி, பள்ளிக்கூடத்துக்கு விதியே இல்லையா?

கோட்டையூர்:

"கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டு மத்ததை உரிச்சிடுங்க சார்!"

பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது தகப்பன்மார்கள் வாத்தியாரிடம் சொன்ன பழைய வசனம் இது. இன்று இதைச் சொல்பவர்கள் குறைவு. ஆனால் ஒரு வகைப் பிள்ளைகள் விஷயத்தில் அந்த வசனம் இன்னும் சாகவில்லை.

ஆட்டிசம் உள்ள பிள்ளை, அறிவு வளர்ச்சி குறைந்த பிள்ளை, ஓரிடத்தில் உட்கார முடியாமல் ஓடும் பிள்ளை. "அடங்கலேன்னா கட்டிப் போடுங்க டீச்சர், நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்று பெற்ற தாயே சொல்லும் நிலை இருக்கிறது. கல்நெஞ்சத்தில் வருகிற பேச்சு அல்ல இது. 'இந்தப் பள்ளிக்கூடமும் போகச் சொல்லிவிட்டால் எங்கே போவது?' என்கிற பயத்தில் வருகிற பேச்சு!

கட்டிப் போடலாமா? கூடாது. சட்டம் அப்படித்தான் சொல்கிறது.

தமிழக கல்வி விதிகளில் 51-வது விதி 2003-ல் திருத்தப்பட்டு, மாணவர்களை அடிப்பது தடை செய்யப்பட்டது. 2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு, உடலை வருத்தும் தண்டனையும் மனதை வருத்தும் தொல்லையும் கூடாது என்றது. பிள்ளையை வகுப்பறையிலோ கழிப்பறையிலோ அடைத்து வைப்பதும் தண்டனைதான் என்று தேசிய குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் நெறிமுறை சொல்கிறது. அந்த நெறிமுறையைப் பள்ளிகளில் அமல்படுத்தச் சொல்லி சென்னை ஐகோர்ட்டு 2024-ல் உத்தரவிட்டது. மாற்றுத் திறனாளிகளைக் கொடுமையாக நடத்தக் கூடாது என்று 2016-ம் ஆண்டு சட்டத்தில் தனிப் பிரிவே இருக்கிறது.

'செய்யாதே' என்று சொல்லச் சட்டங்கள் நிறைய! 'அப்படியானால் என்ன செய்வது?' என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. கோளாறு இங்கேதான்.

ஏர்வாடி சொன்ன பாடம்

கட்டிப் போடுவதன் விலை என்ன என்பது இந்தப் பக்கத்து ஜனங்களுக்குத் தெரியாதது அல்ல. 2001 ஆகஸ்டு 6-ந் தேதி விடியற்காலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகள் இருந்த கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். அவர்களைப் பிணைத்ததும் 'அவர்கள் நல்லதுக்கு' என்றுதான்!

நாடே அதிர்ந்தது. சுப்ரீம் கோர்ட்டு தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. பின்னர் 2017-ல் வந்த மனநலச் சட்டம், யாரையும் எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது, தனி அறையில் அடைக்கவும் கூடாது என்று சொல்லிவிட்டது.

அதோடு நிற்கவில்லை. நோயாளியைப் பிடித்து அடக்கியே தீரவேண்டும் என்றால் எப்போது, எப்படி என்றும் எழுதி வைத்தது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும். மனநல டாக்டரின் அனுமதியோடு மட்டும். தேவைக்கு மேல் ஒரு நிமிடமும் கூடாது. தண்டனையாகச் செய்யக் கூடாது. குறிப்பேட்டில் எழுத வேண்டும். நோயாளியின் பிரதிநிதிக்கு 24 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும்.

ஆஸ்பத்திரிக்கு இத்தனை கட்டுப்பாடு. பள்ளிக்கூடத்துக்கு? கல்வி உரிமைச் சட்டத்தில் இப்படி ஒரு வரி கிடையாது!

வாத்தியார் பாடும் திண்டாட்டம்

மணி அடித்த சத்தம் தாங்காமல் ஒரு பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு மெயின் ரோட்டை நோக்கி ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரே பஸ் வருகிறது. டீச்சர் ஓடிப்போய் இழுத்துப் பிடிக்கிறார். அது காப்பாற்றியதா, குற்றமா? காப்பாற்றியதுதான் என்று யாரும் சொல்வார்கள். ஆனால் அதே பிள்ளையை மறுநாள் 'ஓடிவிடுவான்' என்று சொல்லி ஜன்னல் கம்பியோடு துண்டால் கட்டினால்? அது கொடுமை.

இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே? எழுதி வைக்காததால், நல்ல ஆசிரியர் பிள்ளையைத் தொடவே பயப்படுகிறார். பொல்லாத ஆசிரியர் 'பாதுகாப்புக்குத்தான் கட்டினேன்' என்று தப்பித்துக்கொள்கிறார்.

நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒற்றை ஆசிரியர் என்ன செய்வார் என்று கேட்பதும் நியாயம்தான். தொடக்க வகுப்புகளில் இத்தகைய 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பு ஆசிரியர், நடுநிலை வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்று மத்திய அரசு 2022-ல் கணக்கு வகுத்தது. ஆனால் தமிழகத்தில் சிறப்பு ஆசிரியர்கள் தொகுப்பூதியத்தில் பள்ளி பள்ளியாகச் சுற்றி வருகிறார்கள். அவர் வராத நாளில் பிள்ளைக்குக் கோபம் வந்தால் யார் பொறுப்பு?

நாலே வரி போதும்

இதற்குப் பெரிய செலவு வேண்டாம். ஒவ்வொரு பள்ளிக்கூடத்துச் சுவரிலும் நாலு வரி எழுதி மாட்டினால் போதும்.

ஒன்று: கட்டக் கூடாது, அடைக்கக் கூடாது. யார் அனுமதி கொடுத்தாலும், பெற்றோரே சொன்னாலும் கூடாது.

இரண்டு: உடனடி ஆபத்து வந்தால் மட்டும், ஆபத்து நீங்கும் வரை மட்டும் பிடிக்கலாம்.

மூன்று: அன்றைக்கே நோட்டில் எழுத வேண்டும். எதனால் பிள்ளை மிரண்டது என்பதையும் எழுத வேண்டும். சத்தமா, பசியா, யாராவது சீண்டினார்களா என்று தெரிந்தால்தான் அடுத்த முறை தடுக்க முடியும்.

நாலு: அன்று மாலைக்குள் பெற்றோருக்குச் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவின் பல மாநிலங்களில் இப்படிச் சொல்வது கட்டாயம். இங்கே மட்டும் ஏன் முடியாது? வாய் பேசாத பிள்ளை வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொல்லுமா?

சேர்த்த செல்வத்தைக் கல்விக்கே கொடுத்த அழகப்பச் செட்டியார் பிறந்த ஊர் கோட்டையூர். கூப்பிடு தூரத்தில் காரைக்குடியில் அவர் பெயரில் பல்கலைக்கழகமே இருக்கிறது. இந்த நாலு வரியை மாட்டும் முதல் சுவர் இந்த ஊர்ச் சுவராக இருக்கட்டுமே!

'அடியாத மாடு படியாது' என்பார்கள். அது மாட்டுக்குச் சொன்னது. பள்ளிக்கூடம் தொழுவம் அல்ல. கல்வித் துறை அதிகாரிகள் யோசிப்பார்களா?