ஆராய்ச்சிக்கு அஞ்சாத பத்தி

ஆத்திகரும் நாத்திகரும் நிகழ்த்தும் சொற்போர் பலவற்றை யாம் கேட்டதுண்டு. மாணவர் மன்றத்திற் கடவுள் உண்டோ இலரோ என்னும் பொருள் எடுக்கப்படின் ஆரவாரத்திற்குக் குறைவிராது. ஒரு சாரார் இக்கால விஞ்ஞானம் முழுவதும் பண்டை நூல்களுள் அடங்கியுள்ளதென்பர். மறுசாரார் விஞ்ஞானம் கடவுளை ஒழித்துவிட்டதென்பர். இரண்டும் மிகைபடக் கூறலே என்பது எமது கருத்து.

கேரளத்திற் பிறந்து இலங்கையிலே தாவரவியல் கற்பித்த ஆபிரகாம் கோவூர் அவர்கள், ஏமாற்றுக்கு இடமில்லா வகையில் அற்புத ஆற்றலை மெய்ப்பித்துக் காட்டுவோர்க்கு ஓர் இலட்சம் ரூபா அளிப்பதாக 1963இல் அறைகூவினார். 1978இல் அவர் மறையும்வரை அப்பரிசிலைப் பெற்றார் ஒருவருமிலர். இதனால் ஆத்திகம் தோற்றதென்பாருளர். தோற்றது ஆத்திகமன்று; அதன் பெயரால் நடந்த வாணிகமே. கடவுள் உண்டா என்னும் வினாவை அவ்வறைகூவல் தீர்த்துவைக்கவில்லை. எனினும், போலியைக் களைந்தமைக்காக ஆத்திகரும் அவர்க்கு நன்றி பாராட்டல் வேண்டும்.

உன்னிச்சைக் குளத்தை அண்டி வயல்செய்து வாழும் எம்மனோர்க்கு இது வெறும் மேடை வழக்கன்று. அரவு தீண்டியவனை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லாது மந்திரிப்பவரிடம் காத்திருப்பின், கழியும் ஒவ்வொரு நிமிடமும் அவனுயிர்க்கு இறுதியாகலாம். அத்தாமதத்தைப் பத்தியென்று கூறல் தகுமா?

பெரியம்மையை அம்மனின் வருகையெனக் கருதியவரே எம் முன்னோர். ஜென்னர் என்னும் ஆங்கில மருத்துவர் 1796இல் தொடங்கிய அம்மைப்பால் குத்தும் முறை உலகெங்கும் பரவிற்று. அந்நோய் அறவே ஒழிந்ததென 1980இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதனால் மட்டக்களப்புக் கண்ணகியம்மன் கோயில்களில் வைகாசிக் குளிர்த்தி நின்றுவிட்டதா? இல்லை. நோய் அகன்றது, வழிபாடு நிலைத்தது. அச்சத்தில் மட்டும் வேரூன்றிய வழிபாடாயின் அது நோயோடு மாய்ந்திருக்கும்.

காரைதீவு தந்த விபுலாநந்த அடிகளை நினைமின்! விஞ்ஞானம் பயின்று, விஞ்ஞானம் கற்பித்து, பின்னர்த் துறவு பூண்டவர் அவர். 1947இல் வெளிவந்த 'யாழ்நூ'லிலே மறைந்த இசைக்கருவியைக் கணிதத்தால் ஆராய்ந்தார். காவியுடை அவரது ஆராய்ச்சிக்குத் தடையாகவில்லை. ஆராய்ச்சி அவரது பத்தியைக் குலைக்கவுமில்லை.

ஆதலின், மாணவச் செல்வர்காள்! சோதிக்கத் தக்கதைச் சோதியுங்கள். சோதனைக்கு அகப்படாததைப் பற்றி இருதிறத்தாரும் அடக்கத்தோடு பேசுங்கள். கடவுள் உண்டென்பார் பொய்யற்புதத்தை முதலில் மறுக்கட்டும். இல்லென்பார் வணங்குவாரை எள்ளாதிருக்கட்டும். அரவு தீண்டியவனை இருவரும் சேர்ந்தே வைத்தியசாலைக்குத் தூக்கிச் செல்லட்டும். சொற்போரின் பயன் அதுவேயாம்.