தொலி உளுந்தும் கருப்பட்டியும் நம் கடையில் இருக்கிறதா?

மொத்தக் கடை நடத்துகிறவர்களுக்கு அரைக் கிலோ, ஒரு கிலோ கேட்டு வருகிறவர்களைக் கண்டால் கொஞ்சம் எரிச்சல்தான். மூட்டைக் கணக்கில் சிட்டை எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் யார் தராசைத் தூக்குவது? நானும் அப்படிப்பட்டவன்தான். சென்ற ஐப்பசியில் ஒரு நாள் காலை, தீபாவளிச் சரக்கு இறங்கிக்கொண்டிருந்தபோது, இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண் ஒருத்தி கடை வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு நீள நோட்டு.

"அண்ணாச்சி, தொலி உளுந்து ஒரு கிலோ, குதிரைவாலி ஒரு கிலோ, சீனி கலக்காத கருப்பட்டி ரெண்டு கிலோ வேணும்."

தொலி உளுந்து இல்லை. "வெள்ளை உளுந்து இருக்கு தாயி, முதல் ரகம்" என்றேன். "களிக்கு அது ஆகாது அண்ணாச்சி" என்றாள். குதிரைவாலி வாங்கி விற்பதை நான் நிறுத்திப் பதினைந்து வருடம் ஆகிறது. கருப்பட்டி இருந்தது. பையன் எடுத்து வந்து வைத்தான். அந்தப் பெண் ஒரு வட்டை உடைத்து, துணுக்கை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, கோபப்படாமல், "இதுல சீனி இருக்கே அண்ணாச்சி" என்றாள்.

அவள் சொன்னது எனக்குத் தெரியாத விஷயம் அல்ல. நல்ல கருப்பட்டி என்றால் இனிப்போடு லேசான கரிப்பும் நாக்கில் நிற்கும். பதநீர் புளிக்காமல் இருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்குகிறார்கள் அல்லவா, அந்த ருசி. சீனிப் பாகு கலந்தது வெறும் இனிப்பு, அவ்வளவுதான். விலை பாதிக்கும் கீழே. சில்லறைக் கடைக்காரர்கள் கேட்டார்கள், நான் வாங்கிப் போட்டேன். உணவுப் பாதுகாப்பு அதிகாரி மாதிரி எடுக்க வந்தால்கூட இவ்வளவு கூசியிருக்க மாட்டேன்.

நோட்டை வாங்கிப் பார்த்தேன். பெண்ணுக்குப் பூர்வீகம் சாத்தூர்ப் பக்கம், வேலை சென்னையில். பாட்டி இறந்த பிறகுதான், பாட்டி செய்த பலகாரம் ஒன்றுகூடத் தனக்குச் செய்யத் தெரியவில்லை என்று உறைத்திருக்கிறது. அன்று முதல் லீவு கிடைக்கும்போதெல்லாம் இந்தக் கரிசல் காட்டு ஊர்களுக்கு வந்து, வயதான பெண்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதி வைத்திருக்கிறாள். எந்த ஊர், யார் வீடு, என்ன மாதம், யாருக்காகச் செய்தது என்பது வரை குறிப்பு இருக்கிறது. பிள்ளை பெற்றவளுக்கு என்ன குழம்பு, காய்ச்சல் விட்டவனுக்கு என்ன கஞ்சி, அறுப்புக்குப் போகிறவர்களுக்கு எந்தக் கூழ், மழைக்காலத்தில் காய்கறி இல்லாத நாளுக்கு எந்த வற்றல். கூட்டாஞ்சோற்றுக்கு மட்டும் நாலு வீட்டுப் பக்குவம் நாலு விதமாக இருந்தது. ஒரு வீட்டில் முருங்கைக் கீரை கட்டாயம், இன்னொரு வீட்டில் கூழ்வற்றல் பொரித்துத் தொட்டுக்கொள்ளாவிட்டால் அது கூட்டாஞ்சோறே அல்லவாம். மிதுக்கு வற்றல் என்று எழுதியிருந்ததைப் படித்தபோது எனக்கு வாயில் நீர் ஊறிவிட்டது. அந்தப் பெயரைக் காதில் கேட்டே முப்பது வருடம் இருக்கும்.

நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு அப்பா கடையில் உட்கார்ந்தவன். சமையல் புத்தகம் எதையும் கையால் தொட்டதில்லை. மீனாட்சி அம்மாள் 1951-ல் கொண்டுவந்த 'சமைத்துப் பார்' எங்கள் வீட்டு அலமாரியில் உண்டு. மருமகள் கொண்டுவந்தது. அதெல்லாம் பெண்கள் சமாச்சாரம் என்று இருந்துவிட்டேன். அன்றைக்கு அந்த நோட்டைப் புரட்டும்போதுதான், இது நம் கடையின் சரக்குப் பட்டியல் அல்லவா என்று தோன்றியது. பக்கத்துக்குப் பக்கம் உளுந்து, காணம், எள், மல்லி, வெந்தயம், வற்றல். அதில் பாதி நம் கடைகளில் இப்போது இல்லை.

போகும்போது, "உங்க வீட்டுல உளுந்தங்களி எப்படிக் கிண்டுவாங்க அண்ணாச்சி?" என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பர்மா உளுந்தில் எப்.ஏ.க்யூ. என்ன விலை, எஸ்.க்யூ. என்ன விலை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்த உளுந்து சட்டியில் என்ன ஆகிறது என்று தெரியாது. வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று முகவரி வாங்கி வைத்துக்கொண்டேன்.

இரவு சாப்பிடும்போது மனைவியிடம் கேட்டேன். தொலி உளுந்தை வெறும் சட்டியில் வாசம் வரும் வரை வறுத்து, நாலு பங்குக்கு ஒரு பங்கு பச்சரிசி சேர்த்துத் திரித்து, கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டிக் கொதிக்க வைத்து, மாவைத் தூவிக் கட்டி விழாமல் கிண்டி, நல்லெண்ணெயை விட்டுக்கொண்டே வர வேண்டும். கையில் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். உருட்டி நடுவில் குழி வைத்து இன்னும் எண்ணெய் ஊற்றிக் கொடுப்பது. சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டு, "நம்ம மூத்தவ பெரியவளானப்போ எங்கம்மா வீட்டுல இருந்து ஆள் அனுப்பிக் கருப்பட்டி வரவழைச்சேன். உங்க கடைக் கருப்பட்டியில ருசி வரல. உங்ககிட்ட சொல்லல" என்றாள். கருப்பட்டி வியாபாரி வீட்டில் கருப்பட்டி வெளியிலிருந்து வந்திருக்கிறது! இதைச் சங்கப் பத்திரிகையில் எழுதுவதா என்று யோசித்தேன். நம் ஆட்களிடம்தானே சொல்கிறேன் என்று எழுதிவிட்டேன்.

வணிக நண்பர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். 2022 ஜூலையில் பொட்டலமிட்ட அரிசி, பருப்புக்கு 5 சதவீத வரி வந்தபோது நாம் எல்லோரும் கொதித்தோம். கொதித்தது நியாயம்தான். ஆனால் நம் வட்டாரத்துச் சரக்கு ஒவ்வொன்றாக நம் கடையை விட்டுப் போனபோது யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. யாரும் பறித்துக்கொண்டு போகவில்லை, நாமாகத்தான் நிறுத்தினோம். "ஓடாத சரக்கு, வண்டு வைக்கும், முதல் முடங்கும்" என்று சொன்னோம். வாடிக்கையாளர் கேட்கவில்லை என்றும் சொன்னோம். இரண்டு முறை கேட்டு இல்லை என்றால் மூன்றாம் முறை யார் கேட்பார்கள்?

குதிரைவாலியை எடுத்துக்கொள்ளுங்கள். திருமங்கலம், பேரையூர்ப் பக்கமெல்லாம் மானாவாரியில் விளைகிற தானியம். நம் தாத்தா காலத்தில் நெல்லுச்சோறு நாள் கிழமைக்குத்தான், மற்ற நாளில் கம்பு, சோளம், குதிரைவாலி. நெல்லுச்சோறு தினமும் கிடைக்கத் தொடங்கியதும் அது ஏழைச் சோறு என்று ஒதுக்கினோம். 2023-ம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதே குதிரைவாலி அரைக்கிலோ பளபளப்பான பொட்டலத்தில், பெரிய கடைகளின் கண்ணாடி அலமாரியில், நாம் கேட்டால் மயக்கம் போடுகிற விலையில் இருக்கிறது. விளைகிற காட்டிலிருந்து இருபது மைலில் கடை வைத்திருக்கிற நாம் வேடிக்கை பார்க்கிறோம்.

ஊர்ச் சரக்குக்கு மதிப்பு இல்லை என்று சொல்ல முடியாது. புவிசார் குறியீடு ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-லும், கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-லும், உடன்குடி பனங்கருப்பட்டிக்கு 2023-லும் கிடைத்தது. ஆனால் முத்திரை சரக்கின் பெயருக்குத்தான். அந்தப் பெயரைச் சொல்லிச் சீனிக் கட்டியை நாமே விற்றால், பனை ஏறுகிறவனுக்கு என்ன மிஞ்சும்? உண்மைக் கருப்பட்டியின் அடக்க விலை கட்டாமல் அவனும் மரத்தை விட்டு இறங்கிப் போய்விட்டால், பிறகு நாம் ஆசைப்பட்டாலும் சரக்கு கிடைக்காது.

நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். கார்த்திகையிலிருந்து கருப்பட்டியை இரண்டாகப் பிரித்து, கலப்பு இல்லாததைத் தனிச் சிப்பமாக, விலையைத் தனியாக எழுதிப் போட்டேன். மற்றதை வைத்திருந்த வரை சீனி கலந்தது என்று சொல்லியே விற்றுத் தீர்த்தேன், மறுபடி வாங்கவில்லை. சில்லறைக் கடைக்காரர் மூன்று பேர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். அவர்களில் ஒருவர் என் சொந்தக்காரர், இன்னும் பேசுவதில்லை. தொலி உளுந்து மாதம் இரண்டு மூட்டை போகிறது. பெரிய வியாபாரம் இல்லை. ஆனால் வாங்குகிறவர்கள் கூடவே வெந்தயம், பூண்டு, எள் எல்லாம் வாங்குகிறார்கள். உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும் செய்யப் போகிறார்கள் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. முன்பு தெரியாது.

இன்னொன்று, நிர்வாகிகள் கோபித்துக்கொள்ளக் கூடாது. சென்ற ஆண்டு மகாசபை விருந்தில் என்ன போட்டோம்? வெஜிடபிள் பிரியாணி, காலிபிளவர் வறுவல், கோப்பை ஐஸ்கிரீம். மல்லியும் வற்றலும் பருப்பும் விற்றுப் பெயர் வாங்கிய விருதுநகர் வட்டாரத்து வியாபாரிகள் முந்நூறு பேர் உட்கார்ந்து, நம் ஊர்ப் பண்டம் ஒன்றுகூட இல்லாமல் சாப்பிட்டு எழுந்தோம். அடுத்த முறை கூட்டாஞ்சோறும், தொட்டுக்கொள்ளக் கூழ்வற்றலும், ஒரு உருண்டை களியும் போடலாம். சாமான் செலவில் களிக்குரியது என் கணக்கு.

அந்தப் பெண்ணுக்குப் பக்குவத்தை மனைவி சொல்லச் சொல்ல, பழைய சிட்டையின் பின்புறத்தில் எழுதி அனுப்பினேன். நல்லெண்ணெய் எவ்வளவு என்று கேட்டதற்கு, "களி கேட்கிற அளவு" என்றாள். அப்படியே எழுதிவிட்டேன்.

பங்குனி கடைசியில் புதுக் கருப்பட்டி இறங்கும். உடன்குடிப் பக்கம் பத்துச் சிப்பம் சொல்லி வைத்திருக்கிறேன். வேண்டியவர்கள் முன்கூட்டியே சொன்னால் சேர்த்து எடுத்து வரலாம். உடைத்து, நாக்கில் வைத்துப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம்.