தைத்தவர் கூலி முதலில், தருமம் அதன் மேல்

மருத்துவமனை வளாகங்களில் அவ்வப்போது ஒரு விற்பனை மேசை போடப்படுவதை வாசகர்கள் கண்டிருப்பீர்கள். துணிப்பைகள், தலையணை உறைகள், துண்டுத் துணிகளை இணைத்துத் தைத்த ஒட்டுப்போர்வைகள் ஆகியன அதன்மேல் அடுக்கப்பட்டிருக்கும். ‘வரும் பணம் ஏழை நோயாளிகளின் சிகிச்சைக்கு’ என்ற அட்டையும் உடன் இருக்கும். வாங்குபவர் மனநிறைவோடு செல்கிறார். நோயாளிக்கும் உதவி கிடைக்கிறது. நல்ல முயற்சிதான். ஆயினும், அந்த அட்டையில் இடம்பெறாத ஒருவர் இருக்கிறார். அவர் அப்போர்வையைத் தைத்தவர். அவருக்கு என்ன கிடைத்தது என்று நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. அறப்பணிக்காக விற்கப்படும் எந்தக் கைவேலைப் பொருளிலும் உழைத்தவரின் கூலியே முதற்பங்காக ஒதுக்கப்பட வேண்டும், அதற்கு மேல் வருவதே தருமம் என்பது எங்கள் கருத்து.

இக்கருத்தை இந்த வட்டாரத்தில் சொல்வதற்குத் தனிக் காரணம் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள மம்சாபுரத்திலிருந்தும் அதைச் சுற்றிய ஊர்களிலிருந்தும் வரும் குடும்பங்களுக்குப் பஞ்சும் நூலும் துணியும் புதியவை அல்ல. 1936ஆம் ஆண்டில் பி. ஏ. சி. இராமசாமி ராஜா இராஜபாளையத்தில் நூற்பாலையைத் தொடங்கினார். சத்திரப்பட்டியில் காயங்களுக்குக் கட்டும் பேண்டேஜ் துணி நெய்யப்படுகிறது. தளவாய்புரம் பகுதியில் நைட்டி தைக்கும் தொழில் வளர்ந்துள்ளது. உங்கள் காயத்தின்மேல் சுற்றப்படும் துணி, பக்கத்து ஊர்த் தறியொன்றில் நெய்யப்பட்டதாகவே இருக்கக்கூடும். தறியிலும் தையல் இயந்திரத்திலும் உழைப்பவர்கள்தாம் உடல்நலம் குன்றும்போது நோயாளிகளாக வருகிறார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள்தாம் படுக்கையருகே துணையாக இருக்கிறார்கள். ஆகவே தையற்கூலி குறைவது வேறு யாருடைய துன்பமோ அன்று. கூலி குறைந்த வீட்டில் பரிசோதனை தள்ளிப்போகிறது. மாத்திரை பாதியில் நிற்கிறது.

ஒட்டுப்போர்வை தைப்பது எத்தகைய வேலை என்பதை முதலில் அறிய வேண்டும். பழைய நூற்சேலையை மடித்துத் தைத்துக் கைக்குழந்தைக்கு விரிப்பாக்குவது நம் வீடுகளில் உள்ள வழக்கம். அதன் வளர்ந்த வடிவத்தைக் கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் காணலாம். அங்கே எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு வட்டாரங்களின் காட்டோர ஊர்களில் சித்தி என்னும் மக்கள் வாழ்கிறார்கள். பல நூற்றாண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகவும் போர்வீரர்களாகவும் கடலோடிகளாகவும் இந்தியாவுக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்கள் இவர்கள். 2003ஆம் ஆண்டில் இவர்கள் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டனர். இந்து, இஸ்லாம், கிறித்தவம் ஆகிய மூன்று சமயங்களையும் சேர்ந்த சித்திப் பெண்கள் ‘கவந்தி’ என்னும் ஒட்டுப்போர்வையைத் தைக்கிறார்கள்.

பழைய சேலை ஒன்றை அடித்துணியாக விரித்து, உடுத்திக் கிழிந்த துணிகளிலிருந்து வெட்டிய துண்டுகளை அதன்மேல் வைத்து, ஓர் ஓரத்தில் தொடங்கி வரிவரியாக நடுப்பகுதியை நோக்கித் தைத்துச் செல்வது அவர்களின் முறை. இயந்திரமோ சட்டமோ இல்லை. ஊசியும் நூலும் மட்டுமே. நான்கு மூலைகளிலும் துணியை முக்கோணமாக மடித்துப் பூப்போல் வைத்துத் தைப்பார்கள். அந்தப் பூக்கள் இல்லாத போர்வையை முழுமையானதாக அவர்கள் கருதுவதில்லை. வயல்வேலையும் வீட்டுவேலையும் முடிந்த பொழுதுகளில் திண்ணையில் அமர்ந்து தைப்பதால், ஒரு பெரிய போர்வை நிறைவுபெற வாரக்கணக்கில் ஆகும்.

கவந்தி விற்பனைக்காகப் பிறந்ததன்று. குழந்தையின் தொட்டிலுக்கும் குடும்பத்தின் குளிருக்கும் தைக்கப்பட்டது. இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் ஹென்றி ட்ரூவல் என்னும் அமெரிக்கக் கலை வரலாற்று அறிஞர் இப்போர்வைகளை ஆராய்ந்து வெளியுலகிற்கு அறிமுகம் செய்தார். விற்பனைக்கு வழி பிறந்தபோது பெண்களின் கூட்டுறவு அமைப்பொன்றும் உருவாகத் துணைநின்றார். போர்வை புகழ்பெற்று, தைத்தவர் வறுமையில் கிடப்பது எளிதில் நேரக்கூடியது. விற்பனையோடு கூட்டுறவும் தோன்றியதே இதில் நாம் கவனிக்க வேண்டியது.

ஆப்பிரிக்க வழித்தோன்றல்களின் மற்றோர் ஊசிவேலை அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் புகழ்பெற்றது. அங்கே வாக்குரிமை கேட்டுப் போராடியதற்காகக் கறுப்பினக் குடும்பங்கள் பல வேலையையும் வீட்டையும் இழந்தன. அவர்கள் வீட்டுக் கொடிகளில் காய்ந்த ஒட்டுப்போர்வைகளைக் கண்ட ஃபிரான்சிஸ் வால்ட்டர் என்னும் பாதிரியார், ஒரு போர்வைக்கு 10 டாலர் வீதம் கொடுத்து வாங்கி, நியூயார்க்கில் ஏலத்திற்கு அனுப்பினார். 1966ஆம் ஆண்டில் அப்பெண்கள் ‘ஃப்ரீடம் குவில்டிங் பீ’ என்னும் கூட்டுறவை அமைத்தார்கள். வருவாயிலிருந்து நிலம் வாங்கித் தையற்கூடம் கட்டினார்கள். வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் சிலவற்றுக்கும் அந்த நிலத்தில் இடம் அளித்தார்கள். இரக்கத்தால் தொடங்கிய விற்பனை, உழைப்பின் விலையாக மாறிய பிறகே அவர்களால் பிறருக்கும் உதவ முடிந்தது. கூலி பெற்ற கை கொடுக்கும் கையாகவும் ஆகும் என்பதற்கு இது சான்று.

நம் நாட்டுக் கதர் இயக்கமும் இதே கேள்வியைச் சந்தித்தது. 1925ஆம் ஆண்டில் தொடங்கிய அகில இந்திய நூற்போர் சங்கம், ஏழைகளுக்கு வேலை தரும் பணியாகவே கதரைக் கருதியது. எனினும் நூற்ற பெண்களுக்குக் கிடைத்த கூலி மிகச் சொற்பம். 1935ஆம் ஆண்டில் காந்தியடிகள் இதை வெளிப்படையாகக் கேள்விக்கு உட்படுத்தினார். எட்டு மணி நேர வேலைக்கு எட்டணா என்பது அவர் முன்வைத்த இலக்கு. கூலியை உயர்த்தினால் கதரின் விலை ஏறும், விற்பனை குறையும் என்ற அச்சம் இயக்கத்துக்குள்ளேயே எழுந்தது. அந்த அச்சத்தை மீறியே சங்கம் நூற்போர் கூலியை உயர்த்தத் தீர்மானித்தது. ஏழையின் பெயரால் நடக்கும் பணி, ஏழையின் உழைப்பை மலிவாக வாங்கலாகாது என்பதே அத்தீர்மானத்தின் உட்பொருள்.

இதை ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கில் பார்ப்போம். ஒரு போர்வையைத் தைக்க 40 மணி நேரம் ஆகிறது, துணிக்கும் நூலுக்கும் 300 ரூபாய் செலவாகிறது, போர்வை 1000 ரூபாய்க்கு விற்கிறது என்று கொள்வோம். மீதம் 700 ரூபாய். அதை முழுவதும் தைத்தவருக்கே கொடுத்தாலும் மணிக்கு 17 ரூபாய் 50 காசுதான் ஆகிறது. நோயாளி நிதிக்கு ஒரு ரூபாயும் சேர்வதில்லை. அந்த 700 ரூபாயையும் நிதியில் சேர்த்தால், தைத்தவர் 40 மணி நேரத்தை இலவசமாகக் கொடுத்திருக்கிறார் என்று பொருள். மேசையருகே நின்று ‘800க்குத் தாருங்கள்’ என்று பேரம் பேசும்போது நாம் குறைக்கச் சொல்வது துணியின் விலையை அன்று, ஒருவரின் நேரத்தை.

‘அவர்கள் விரும்பித்தானே தைத்துக் கொடுக்கிறார்கள்?’ என்று சிலர் கேட்கலாம். தன் உழைப்பைத் தானமாகத் தர எவருக்கும் உரிமை உண்டு. பணி ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் மனமுவந்து தைத்துத் தந்தால் அதை வணங்கி ஏற்க வேண்டும். ஆனால் சிகிச்சைக் கட்டணத்தில் சலுகை பெற்ற குடும்பத்துப் பெண் ஒருவரிடம், ‘சும்மா இருக்கும் நேரத்தில் தைத்துக் கொடுங்கள் அம்மா’ என்று கேட்டால் அவரால் மறுக்க இயலுமா? மறுத்தால் சலுகை போய்விடுமோ என்ற அச்சம் அவர் மனத்தில் இருக்கும். மறுக்க முடியாத இடத்தில் கொடுக்கப்படுவது தானமாகாது. மேலும், நோயாளிக்குத் துணையாக இருப்பவர் ‘சும்மா’ இருப்பதில்லை. இரவு விழித்திருக்கிறார், மருந்துக்கும் பரிசோதனைக்கும் அலைகிறார். அவருக்கு முதலில் தேவை ஓய்வு. ஊசிவேலை மனத்திற்கு அமைதி தந்தால் அவர் விரும்பும் அளவுக்குச் செய்யட்டும், அதைக் கடமையாக்கலாகாது.

‘கூலியைச் சேர்த்தால் விலை ஏறும், யார் வாங்குவார்கள்?’ என்பது இரண்டாவது கேள்வி. இது நியாயமான கவலை. பெரிய போர்வைக்குப் பதிலாக இரண்டு மூன்று மணி நேரத்தில் முடியும் பொருள்களைத் தைப்பது ஒரு வழி. மருந்துச் சீட்டும் பரிசோதனை அறிக்கைகளும் வைக்கும் துணிப்பை, தலையணை உறை போன்றவை மருத்துவமனைக்கு வருவோர் அனைவருக்கும் பயன்படும். தையற்கூடங்களில் மிஞ்சும் வெட்டுத்துணிகளைக் கேட்டுப் பெற்றால் துணிச்செலவும் குறையும். செலவைக் குறைக்க வேண்டுமானால் துணியில் குறைப்போம், கூலியில் வேண்டாம்.

இத்தகைய விற்பனையை நடத்துவோர் நான்கு நெறிகளைக் கடைப்பிடிக்க வேண்டுகிறோம். முதலாவது, ஒவ்வொரு பொருளின் சீட்டிலும் துணிச்செலவு, தையற்கூலி, நோயாளி நிதி ஆகிய மூன்றையும் தனித்தனியே எழுதுங்கள். இரண்டாவது, பொருள் விற்கும்வரை காத்திருக்கச் செய்யாமல், தைத்துக் கொடுத்த அன்றே கூலியைக் கொடுங்கள். மூன்றாவது, தைத்துத் தர மறுப்பவரின் சிகிச்சைக்கும் சலுகைக்கும் எந்தக் குறையும் நேராது என்பதை முன்கூட்டியே தெளிவாகச் சொல்லுங்கள். நான்காவது, நோயாளியின் படத்தையோ நோயின் பெயரையோ காட்டி விற்காதீர்கள். உதவி பெறுபவருக்கும் மறைவும் மானமும் உண்டு.

தைப்பவர்களுக்கும் ஒரு சொல். கழுத்தைக் குனிந்து நெடுநேரம் தைத்தால் கழுத்தும் முதுகும் வலிக்கும். மங்கிய விளக்கில் தைத்தால் கண் களைக்கும். அரைமணிக்கொரு முறை எழுந்து நடங்கள். பகல் வெளிச்சத்தில் தையுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் விரலுறை அணிந்துகொள்வது நல்லது. நோயெதிர்ப்பு ஆற்றலைக் குறைக்கும் சிகிச்சை பெறுவோர், ஊசியை எடுக்கும் முன் மருத்துவரிடமோ செவிலியரிடமோ கேட்டுக்கொள்ளுங்கள். நோயாளியின் படுக்கைமீது ஊசியை ஒருபோதும் வைக்காதீர்கள். போர்வையை வாங்குவோர் துவைத்து வெயிலில் உலர்த்திய பிறகே பயன்படுத்துங்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தை உறங்கும்போது ஒட்டுப்போர்வையைப் போர்த்த வேண்டாம், மூச்சுக்கு இடையூறாகும். விழித்து விளையாடும்போது தரைவிரிப்பாகப் பயன்படுத்தலாம்.

அடுத்த முறை அத்தகைய மேசையைக் காணும்போது, ‘இதைத் தைத்தவருக்கு எவ்வளவு கிடைக்கிறது?’ என்று கேளுங்கள். கடிந்து கேட்க வேண்டியதில்லை. அன்போடு கேட்டாலே போதும். பதில் தெளிவாக இருந்தால் பேரம் பேசாமல் வாங்குங்கள். பதில் இல்லையெனில், அடுத்த விற்பனைக்குள் அதைக் கண்டறியும்படி வேண்டுங்கள். ஒரு நோயாளியின் துயர் துடைக்க நாம் தரும் பணம், மற்றொரு வீட்டின் கூலியிலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டாம்.