பின்னால் ஒரு தம்பி



மரக்காணம் உப்பளங்களின் ஓரமாகக் காலையில் நடந்து போனால் எத்தனை சைக்கிள்கள்! பலவற்றில் இரண்டு பேர். முன்னால் பிளஸ் ஒன் படிக்கும் அக்கா, கேரியரில் நான்காம் வகுப்புத் தம்பி. பெரும்பாலும் அது அரசு கொடுத்த சைக்கிள்தான். 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய திட்டம், 2005-06இல் மற்ற மாணவர்களுக்கும் வந்தது.

வெளிநாடுகளில், பின்னால் வரும் குழந்தைக்கென்றே ஒரு குட்டி வண்டி உண்டு. முன்சக்கரம் இல்லாத சிறு சைக்கிள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பெரியவர் ஓட்டும் சைக்கிளின் சீட்டுக்குக் கீழே இணைத்துவிடுவார்கள். குழந்தையும் பெடல் மிதிக்கலாம். ஆனால் திருப்ப முடியாது. மற்ற வண்டிக்காரர்களின் கண்ணில் படும்படி உயரமான குச்சியில் கொடி பறக்கும். நம்மிடம் இருப்பது கேரியர். இரண்டிலும் சிக்கல் ஒன்றுதான்: பின்னால் இருப்பவரை ஓட்டுகிறவரால் பார்க்க முடியாது.

நான் பணியில் இருந்தபோது மூன்றாம் வகுப்பு மாணவன் ஒருவனின் குதிகால் பின்சக்கரக் கம்பிக்குள் சிக்கிக்கொண்டது. இரண்டு மாதம் அவன் பள்ளிக்கு வரவில்லை. "அவன் தூங்கிட்டதே எனக்குத் தெரியாது சார்" என்று அண்ணன்காரன் அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது. அதனால் கேரியரில் உட்காரும் குட்டிகளே, இரண்டு பக்கமும் கால் போட்டு, பாதத்தை அகட்டி வைத்துக்கொள்ளுங்கள். அக்காவோடு பேசிக்கொண்டே வாருங்கள். பேச்சு நின்றால் அக்காவும் சைக்கிளை நிறுத்தட்டும். அக்காவின் துப்பட்டா சக்கரத்தில் சிக்காதபடி முடிந்திருக்க வேண்டும்.

ஓட்டுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. தம்பி ஏறியதும் எடை கூடுகிறது; பிரேக் பிடிக்கும் கை அதே கைதான். ஆகவே வண்டி நிற்க அதிக தூரம் வேண்டும். முன்கூட்டியே பிடியுங்கள். பின்பாரத்தால் ஹேண்டில்பாரும் லேசாகி ஆடும்.

நம் ஊர்க் காற்றையும் மறக்காதீர்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி நோக்கிப் போகும்போது கடல் உங்கள் இடப்பக்கம். பிற்பகலில் வீசும் கடற்காற்று உங்களைச் சாலையின் நடுவே, லாரி வரும் பக்கம் தள்ளும். அந்தச் சாலையைக் கடக்கும்போது இருவரும் இறங்கி, தள்ளிக்கொண்டே போங்கள். என்னைக் கேட்டால், எட்டாம் வகுப்பு முடியும் வரை நீங்கள் யாரையும் டபுள்ஸ் ஏற்றவே வேண்டாம். கோபித்துக்கொள்ளாதீர்கள்!

உப்புக் காற்று இரும்பைச் சும்மா விடாது. பிரேக் கம்பியும் கேரியர் போல்ட்டும் துருப்பிடிக்கும். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விடுங்கள். பிரேக் கட்டையில் ஒரு சொட்டும் படக்கூடாது. காலையில் கிளம்பும் முன் கேரியரைக் கையால் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் அன்றைக்குத் தம்பி நடந்து வரட்டும். அக்காவும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூடவே நடக்கட்டும்.