மார்பிள் மேஜையில ரசம் ஊத்திப் பாருங்க

சாப்பாட்டு மேஜைக்கு மார்பிள் வேணாம்ங்க. அழகில்லைன்னு சொல்ல வரல, நம்ம சாப்பாடு அதுக்கு ஒத்து வராது. முத்தியால்பேட்டையில வீடு கட்டுற என் தங்கச்சி மகள் போன்ல ஒரு படம் அனுப்பி, "மாமா, இது எப்படி?"ன்னு கேட்டா. ஆறு பேர் உட்கார்ற வெள்ளை மார்பிள் மேஜை. அவளுக்குச் சொன்னதைத்தான் டவுன்ல இருக்கிற உங்களுக்கும் எழுதுறேன்.

மார்பிள்ங்கிறது சுண்ணாம்புக்கல் இனம். பூமிக்குள்ள சூட்டுலயும் அழுத்தத்துலயும் சுண்ணாம்புக்கல் இறுகித்தான் மார்பிள் ஆகுது. மண்ணுல சுண்ணாம்பு இருக்கான்னு பார்க்க ரெண்டு சொட்டு ஆசிட் விடுவாங்க, நுரைச்சுக்கிட்டு வரும். மார்பிள்லயும் அதேதான் நடக்கும். எலுமிச்சை, புளி, தயிர், தக்காளி, ஊறுகாய் இதெல்லாமும் ஆசிட்தானே, கொஞ்சம் மெதுவா அரிக்கும், அவ்வளவுதான். ரசம் சிந்தி அப்படியே காஞ்சா அந்த இடம் பளபளப்பு போயி மங்கிடும். அது கறை இல்ல, கல்லோட மேல்தோலே போயிடுச்சுன்னு அர்த்தம். சோப்பு போட்டுத் தேய்ச்சாலும் திரும்ப வராது, ஆளைக் கூப்பிட்டு மறுபடி பாலீஷ்தான் போடணும். கடைக்காரர் "சீலர் அடிச்சுத் தர்றோம்"னு சொல்வார். மஞ்சளும் எண்ணெயும் உள்ள ஊறாம இருக்க அது உதவும். புளிப்பு அரிக்கிறதை அது தடுக்காது. இதைப் பல பேர் சொல்றதே இல்ல.

பிரெஞ்சுக்காரங்க வச்சிருந்தாங்களேன்னு கேப்பீங்க. நம்ம புதுச்சேரியில அந்தக் காலத்துச் சாமான் மேல எல்லாருக்கும் ஒரு மோகம் உண்டு. அவங்க ஊர்ல இழுப்பறை அலமாரி மேல மார்பிள் பலகை வச்சாங்க, அதுமேல கடிகாரமும் விளக்கும்தான் நிக்கும். முகம் கழுவுற மேஜையிலயும் போட்டாங்க. வெண்ணெய் போட்டு மாவு உருட்டவும் வச்சிருந்தாங்க, கல் குளிர்ச்சியா இருக்கும்ல. வத்தக்குழம்பு ஊத்த இல்ல.

ஆசிரமத்துல ஸ்ரீ அரவிந்தர் சமாதி வெள்ளை மார்பிள்தான். தினமும் பூ வைக்கிறாங்க, மரத்தடியில அமைதியா இருக்கு, பார்க்கவே மனசு நிறையும். ஆரோவில் மாத்ரி மந்திர் உள்ளறைச் சுவரும் வெள்ளை மார்பிள். உள்ள போறவங்களுக்கு வெள்ளை சாக்ஸ் கொடுத்துத்தான் அனுப்புறாங்க. நம்ம வீட்டுல யாருக்கு சாக்ஸ் மாட்டி விடுறது?

நான் அரிசி கொடுக்கிற ஒரு வீட்டுல மார்பிள் மேஜை இருக்கு. மேல ஒரு பிளாஸ்டிக் விரிப்பு, அதுமேல துணி, அதுமேல தட்டு வைக்க பாய். இத்தனை செலவு பண்ணி வாங்கின கல்லை ஒருத்தரும் பார்க்க முடியாது. அந்த வீட்டுத் தாத்தாவுக்குக் கை நடுக்கம். மோர் சிந்திடும்னு தட்டை எடுத்துக்கிட்டு ஓரமா ஸ்டூல்ல உட்கார்ந்து சாப்பிடுறார். யாரும் அவரைப் போகச் சொல்லல, அவரே போயிட்டார். எனக்கு அதுதாங்க பொறுக்கல. நம்ம திண்ணையும் கல்லும் சுண்ணாம்பும்தான். வைசியாள் வீதியில இப்பவும் பார்க்கலாம், வழிப்போக்கன்கூட வந்து உட்காரலாம்னு கட்டி வச்சது. வீட்டுப் பெரியவர் பயந்துக்கிட்டு உட்கார்ற மேஜை எதுக்கு?

பாரத்தையும் யோசிங்க. ஆறடிக்கு மூணடி, 20 மில்லிமீட்டர் கனம்னா கல்லு மட்டும் ஏறக்குறைய 90 கிலோ. எங்க பக்கம் நெல் மூட்டையே 75 கிலோதான். புதுக் கான்கிரீட் வீட்டுக்கு இது ஒண்ணும் பெரிசில்ல. மர உத்திரத்துல செங்கல் அடுக்கின பழைய மெட்ராஸ் டெரஸ் வீட்டை வாங்கி, மாடியில ஓட்டல் மாதிரி அலங்காரம் பண்றவங்க ஒரு என்ஜினீயரைக் கேட்டுக்கிட்டுச் செய்ங்க. பீச்சுல இருந்த மேரி கட்டடம் 2014 நவம்பர் 29 அன்னிக்கு இடிஞ்சு விழுந்துச்சு. மேஜை வச்சு விழல. ஆனா பழைய கட்டடம் வெளியில திடமாத் தெரியுறதை நம்பக் கூடாதுன்னு ஊருக்கே தெரிஞ்ச நாள் அது.

கல்லுதான் வேணும்னா கிரானைட் போடுங்க, புளிக்கு அசையாது. திருவக்கரை பக்கம் பாறையைப் பார்த்து வளர்ந்தவங்களுக்கு இது தெரியும். கடப்பாக் கல் விலை குறைவு, ஆனா அதுவும் சுண்ணாம்புக்கல் இனம்தான், பழைய சமையல்கட்டு மேடையெல்லாம் வெளுத்துப் போயிருக்கிறதைப் பார்த்திருப்பீங்க. மார்பிள் ஆசை விடலைன்னா ஹால் மூலையில விளக்கு வைக்கிற குட்டி மேஜை வாங்குங்க. பூஜை அறையில போடுறவங்க விளக்குக்கு அடியில தட்டு வைங்க, எண்ணெய் ஊறினா மஞ்சளாயிடும்.

காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி கடையில அதே கல்லோட வெட்டுத் துண்டு ஒண்ணு கேட்டு வாங்கிட்டு வாங்க. ஒரு பக்கம் ஒரு கரண்டி ரசம், இன்னொரு பக்கம் பாதி எலுமிச்சம்பழத்தைக் கவுத்து வச்சு ராத்திரி விட்டுடுங்க. காலையில துடைச்சிட்டு ஜன்னல் வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க.