பப்பாசியைக் காத்த விதையும் எமது கேள்வியும்

வைரசு பற்றிய பழமரத்திற்கு மருந்தில்லை. பங்கசுக்கு மருந்து தெளிக்கலாம். புழுவுக்குப் பூச்சிநாசினி உண்டு. மரத்தின் கலங்களுக்குள் புகுந்துவிட்ட வைரசையோ எந்தத் தெளிப்பாலும் வெளியேற்ற முடியாது. மரத்தை வெட்டி அழிப்பதே விவசாயிக்குள்ள வழி. இந்நிலையில் மூலக்கூற்று உயிரியல் புதுவழி காட்டுகிறது என்றதும் எம்மிடையே இரு குரல்கள் எழுகின்றன. விஞ்ஞானம் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்கிறது ஒன்று. இயற்கையில் கைவைத்தால் கேடே வரும் என்கிறது மற்றது. இரு சாராரும் ஹவாய்த் தீவுகளின் பப்பாசிக் கதையை ஆறுதலாக நோக்குவது நன்று.

அங்கு ஓவாகு தீவின் பப்பாசித் தோட்டங்களை வளையப்புள்ளி வைரசு அழித்தமையால், 1950களில் செய்கை ஹவாய் பெருந்தீவின் புனா மாவட்டத்திற்கு இடம்பெயர்ந்தது. வைரசு அங்கும் ஒருநாள் வரும் என்பதை உணர்ந்த ஆய்வாளர்கள் அது வருமுன்னரே வேலையைத் தொடங்கினர். ஹவாயிற் பிறந்து கோர்னெல் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய டெனிஸ் கொன்சால்வஸ் அவர்களுள் முதன்மையானவர். வைரசின் புரத உறைக்குரிய பரம்பரையலகைப் பப்பாசியின் கலத்துள் அவர்கள் சேர்த்தனர். அதனால், அதே வைரசு நுழையும்போது மரம் அதனை இனங்கண்டு பெருகவிடாது சிதைத்துவிடுகிறது. 1991இல் எதிர்ப்புள்ள மரம் கிடைத்தது. 1992 மே மாதத்தில் புனாவில் வைரசு கண்டுபிடிக்கப்பட்டது! அவ்வாண்டு சுமார் 5 கோடி 30 இலட்சம் இறாத்தலாக இருந்த புனாவின் விளைச்சல் 1998இல் ஏறத்தாழ அரைவாசியாகியது. அவ்வருடமே 'றெயின்போ' விதை விவசாயிகளின் கைக்கு வந்தது. தோட்டங்கள் மீண்டன.

இதில் நான் முக்கியமாகக் கருதுவது, அந்த விதை எவ்வழியாக வந்தது என்பதே. ஆய்வைச் செய்தவை பொது நிறுவனங்கள். நுட்பங்களின் காப்புரிமை வைத்திருந்தோரிடம் விவசாயிகளின் சார்பில் அவர்களது சபையே அனுமதி பெற்றது. விதை தொடக்கத்தில் இலவசமாக வழங்கப்பட்டது. இவற்றுள் ஒன்று தவறியிருந்தாலும் சிறு விவசாயி கடையிற் கடன்பட்டு விதை வாங்குபவனாகியிருப்பான்.

ஆயினும் அந்த விதையும் விலையின்றி வரவில்லை. யப்பான் 2011 வரை அப்பழத்தை ஏற்கவில்லை. அச்சந்தைக்கு அனுப்புவோர் பழைய இனத்தை வேறாகப் பயிரிட நேர்ந்தது. மேலும் அந்த எதிர்ப்பு ஹவாயின் வைரசுக்கே உரியது. வேறு நாடுகளின் வைரசு வகைகள் பலவற்றிடம் 'றெயின்போ' தோற்றுப்போகிறது. எனவே அங்கிருந்து விதை கொண்டுவந்தால் எமது பப்பாசி பிழைத்துவிடும் என்று எவராவது கூறினால் நம்பவேண்டாம். இங்குள்ள வைரசை இங்குள்ள ஆய்வுகூடமே ஆராயவேண்டும்.

அதுவரை கைகட்டி இருக்கவேண்டுமா? இல்லை. மூலக்கூற்று முறைகளுள் சர்ச்சையற்ற ஒன்று, நோயைக் கண்டறிதல். கொவிட் காலத்தில் எல்லோரும் அறிந்துகொண்ட பீ.சீ.ஆர். பரிசோதனை மரங்களுக்கும் உண்டு. வாழையை எடுத்துக்கொள்வோம். குருத்திலைகள் ஒடுங்கிக் கொத்தாகி, குலை ஈனாது போகும் வைரசு நோய் இலங்கையில் 1913இலேயே அறியப்பட்டது. தாய்மரத்தில் அறிகுறி தெரியுமுன்னரே அது குட்டி வழியாக அடுத்த தோட்டத்திற்குச் சென்றுவிடும். இழைய வளர்ப்புக் கன்றென்றாலும் தாய்மரம் சோதிக்கப்படாவிடின், ஒரு மரத்தின் நோயே ஆயிரம் கன்றுகளாகப் பெருகும்.

ஆகவே கன்று விநியோகிக்கும் ஒவ்வொரு நிறுவனத்திடமும், எம்போன்ற தொண்டு நிறுவனங்கள் உட்பட, எமது கிராமியச் சங்கங்கள் ஒரு கேள்வியைக் கேட்கப் பழகவேண்டும்: "தாய்மரம் சோதிக்கப்பட்டதா?" இலவசமாகத் தருகிறார்களே, எப்படிக் கேட்பது என்று கூச்சப்பட வேண்டாம். நோயுள்ள இலவசக் கன்றின் விலையைப் பின்னர் தோட்டம் முழுவதும் கொடுக்கும். விஞ்ஞானத்தை அஞ்சி ஒதுக்குவதும் கண்மூடி ஏற்பதும் எமக்கு உதவாது. அதைக் கேள்வி கேட்டுப் பயன்கொள்ளும் சமூகமே அதனால் வாழும்.